ஆத்தூர் ரோட்டுக்குப் பின்புறம் காட்டிய காளை

காளைக்கு விடைகொடுக்கக் கூடியிருக்கும் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, கழுத்து மாலையின் கனத்தால் சற்றே குனிந்து அமர்ந்திருக்கும் அரிசி ஆலை அதிபர் திரு. செங்கோட்டையன் அவர்களே! எனக்கு ஐந்தே நிமிடம் என்று அன்போடு அளந்து கொடுத்திருக்கும் காளைச் சிலைக் குழுவின் செயலாளர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி உரிமையாளர் திரு. சின்னுசாமி அவர்களே! மேடை கொள்ளாமல் வீற்றிருக்கும் மேன்மக்களே! மேடையில் இடம் கிடைக்காததால் முன்வரிசையில் முகம் சுருங்கி வீற்றிருக்கும் மற்ற மேன்மக்களே! எனக்கும் மூத்த பெரியோர்களே, அப்படி நாலைந்து பேர்தான் மிச்சம் இருக்கிறீர்கள், உங்களுக்கு முதலில் என் கைகள் குவிகின்றன. உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நிற்கும் லாரி ஓட்டுநர் தம்பிகளே! கடைசியாக, அந்தப் பந்தல்காலுக்குப் பின்னால் பாதி முகம் மறைத்து நிற்கும் சிற்பி அங்கமுத்துவே! வெள்ளைக்கல்பாளையத்தின் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளன் குழந்தைவேலின் வணக்கம் உங்கள் எல்லாரையும் வந்து சேரட்டும்.

நான் பேச்சாளன் அல்லன். முப்பத்தொரு வருடம் மாடுகளிடம் பேசியவன். மாடுகள் கை தட்டியதில்லை. ஆனால் ஒரு மாடுகூட 'உட்காருய்யா' என்று சொன்னதில்லை. இன்று அந்தப் பாக்கியம் எனக்கு நிலைக்குமா என்பது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

குழு எனக்குக் கொடுத்த தலைப்பு, 'காளையும் சுழியும்'. சொல்ல வேண்டியதையும் செயலாளர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'நம் நாலு ரோட்டில் நிற்கும் காளைச் சிலைக்குப் பாடைச் சுழி இருக்கிறது, அதனால்தான் அங்கே அடுத்தடுத்து விபத்து, ஆகவே அதை உடைப்பதே முறை' என்று நான் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். நாளைக் காலை ஆறு மணிக்கு உடைப்பு. அதற்கு முன்பு இங்கே இன்று மாலை எனக்கு ஐந்து நிமிடம்.

வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருக்கும் சிலரும் இங்கே நிற்கிறீர்கள். உங்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில், நம் ஊருக்கு ஒரு மனக்குறை வந்தது. சேலத்துக்கு மாம்பழம் இருக்கிறது. ஆத்தூருக்கு ஜவ்வரிசி இருக்கிறது. நாமக்கல்லுக்கு லாரி இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? நாலு மாதம் கூடிக் கூடிப் பேசினோம். முதல் மாதம் வடை தீர்ந்தது. இரண்டாம் மாதம் பொறுமை தீர்ந்தது. நாலாம் மாதம் ஒருவர் எழுந்து, 'ஏனுங்க, நம்மூரு மாட்டுச் சந்தைக்கு அந்தக் காலத்துல ஆறு தாலுக்கா சனம் வருமுங்களே' என்றார். அப்படித்தான் காளை பிறந்தது. சந்தை நடந்த இடம் அப்போதே லாரி நிறுத்தமாகிவிட்டது. காளை கட்டிய இடத்தில் லாரி நின்றது. லாரி திரும்பும் இடத்தில் காளையைக் கொண்டுபோய் நிறுத்தினோம்!

கொம்பு நுனி வரை ஒன்பதடி. வெள்ளைப் பூச்சு. திமில் மட்டுமே ஒரு தவலை அளவு. செய்தவர் இந்த அங்கமுத்து. அதன் கண்ணைப் பார்த்தீர்களா? ஈரம் இருக்கிற மாதிரி இருக்கும். முப்பத்தொரு வருடம் மாட்டுக் கண்ணை விரித்துப் பார்த்த நான் சொல்கிறேன், அந்தச் சிமெண்டுக் கண்ணுக்கு முன்னால் என் பை தானாகத் தோளிலிருந்து இறங்கியது, மருந்து எடுக்க.

சரி. காளை வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?

நாலு ரோடு. மேற்கே திருச்செங்கோடு, கிழக்கே ஆத்தூர், வடக்கே சேலம், தெற்கே நாமக்கல். காளைக்கு முகம் ஒன்றுதானே? நாலு முகம் வைக்க நான்முகனையா வார்த்தோம்? காளை மேற்கே பார்க்கட்டும் என்று முடிவானது. தலைவரின் ஆலை திருச்செங்கோட்டு ரோட்டில் இருப்பதற்கும் இந்த முடிவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் கேட்காதபோதே எழுதப்பட்டிருக்கிறது.

சிரிக்காதீர்கள். தலைவரும் சிரிக்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முகம் மேற்கே என்றால் மற்றது கிழக்கே. ஆத்தூர் ரோட்டுக் கடைக்காரர்கள் பதினொரு பேர் கூட்டமாக வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, காத்தால கடையைத் தெறந்ததும் நாங்க இதையா பாக்கோணும்?"

குழுவில் ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார். "லட்சுமி அங்கதானுங்க குடியிருக்கறா. நல்லதுதானுங்க!"

"அது பசுவுக்குங்க! இது காளைங்க! காளைக்குப் பின்னால ஆரு குடியிருக்கறாங்க?"

குழுவினர் ஆலோசகன் என்ற முறையில் என்னைப் பார்த்தார்கள். நான் காளையைப் பார்த்தேன்.

அப்போதுதான் நம் செயலாளர் மூளையில் ஒரு மின்னல் வெட்டியது. காளைக்குப் பின்னால் ஒரு கல்வெட்டை நிறுத்தலாம்! சாதாரணக் கல்வெட்டா? ஒன்பதடி அகலம், ஏழடி உயரம். சங்ககிரிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த ஒரே பலகைக் கல். அதில் நாற்பத்து மூன்று பேர் பெயர். தலைவர் பெயர் தேங்காய் அளவில். செயலாளர் பெயர் எலுமிச்சை அளவில். அப்படியே அளவு குறைந்து குறைந்து, நாற்பத்து மூன்றாவதாகக் கடுகு அளவில் 'ஆலோசகர் குழந்தைவேல்'. ஆம், நான்தான். முதல் நாள் போய்த் தடவிப் பார்த்தேன். பொய் சொல்வானேன், இரண்டாம் நாளும் போனேன்.

இப்படியாக, அன்பர்களே, காளையின் பின்புறம் மறைந்தது. பெரியோர்களின் பெயர் ஒளிர்ந்தது. ஆத்தூர் ரோட்டார் எதைக் காலையில் பார்க்க மாட்டோம் என்று போராடினார்களோ, அந்த இடத்தில் இப்போது நம்மைப் பார்க்கிறார்கள்!

இதோ, செயலாளரிடமிருந்து துண்டுச் சீட்டு வந்துவிட்டது. 'தலைப்புக்கு வரவும்' என்று எழுதியிருக்கிறது. வருகிறேனுங்க. மாடு மெதுவாகத்தான் திரும்பும்.

எண்பத்தொன்று தை மாதம் சிலை திறந்தோம். திறந்த நாள் முதல் காளையைப் பார்க்கக் கூட்டம். கல்யாணம் முடிந்த ஜோடி வந்தது. காது குத்திய குழந்தை வந்தது. எழுபது மைல் தாண்டி வந்தவர்களும் உண்டு. நம் ஜனங்கள் சிலையைச் சிலையாகப் பார்ப்பார்களா? மற்ற ஊரில் சிலையைக் கண்டால் கும்பிடுவார்கள், அல்லது படம் எடுப்பார்கள். நம் ஆள் பீடத்தில் ஏறி, காளையின் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் பல்லை எண்ணினான்!

"ஆறு பல்லுங்க. நாலு வருசம் ஆயிருக்கோணும்."

"அட, செஞ்சே மூணு மாசந்தானுங்க ஆவுது!"

"அப்ப உங்களை ஏமாத்திப்போட்டானுங்க."

ஒருவர் வாலை அளந்தார். ஒருவர் குளம்பைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் பின்வாங்கி நின்று, 'நடை எப்படிங்க?' என்று என்னையே கேட்டார். நான் என்ன சொல்வேன்? 'இதுவரை புகார் இல்லை' என்றேன்.

இவ்வளவு சோதித்தவர்கள் முதுகை விடுவார்களா? மாட்டுக்காரன் கண்ணுக்கு முதலில் தெரிவது சுழிதானே? மனிதனுக்கு ஜாதகம் எப்படியோ அப்படி மாட்டுக்குச் சுழி. நெற்றியில் இருந்தால் ராஜ யோகம், காலில் இருந்தால் சிறைக்கு அனுப்பும் விலங்குச் சுழி, முதுகெலும்பின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு சுழி இருந்தால் அது பாடைச் சுழி. பாடைச் சுழி மாட்டைக் கட்டிய வீட்டில் சீக்கிரமே பாடை கட்ட வேண்டும் என்பது சொல் வழக்கு. சந்தையில் அந்த மாட்டைச் சும்மா கொடுத்தாலும் கயிற்றைத் தொட மாட்டார்கள்.

நம் காளையின் முதுகிலும் எதிரெதிரே இரண்டு வட்டம் இருக்கிறது. இல்லையென்று நான் சொல்லவில்லை.

போன வருடம் ஆடியில் ஒரு சைக்கிள்காரர் சிலைப் பக்கத்தில் லாரியில் அடிபட்டார். கால் முறிந்தது. அன்று மாலை டீக்கடையில் ஒருவர் என்னிடம் கேட்டார். "ஐயா, நீங்க படிச்சவங்க. அதும் முதுகுல இருக்கறது பாடைச் சுழிதானுங்களே?"

இந்த இடத்தில், பெரியோர்களே, என் குற்றத்தைச் சொல்கிறேன். 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சிமெண்டுக்கு ஏதய்யா மயிர், மயிரில்லாமல் ஏதய்யா சுழி என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்டவர் ஆத்திரக்காரர், சுற்றி எட்டுப் பேர், என் டீயும் ஆறிக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இருந்தாலும் இருக்கலாம்' என்றேன்.

இருந்தாலும் இருக்கலாம்! கோழையின் அகராதியில் இதைவிடப் பத்திரமான சொல் உண்டா? ஆமென்றும் ஆகாது, இல்லையென்றும் ஆகாது. ஆனால் அது நடந்த வேகத்தைப் பாருங்கள். டீக்கடையில் 'இருந்தாலும் இருக்கலாம்'. முடி திருத்தும் கடையில் 'இருக்கும்னு சொன்னாருங்க'. பேருந்து நிலையத்தில் 'இருக்குதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு'. வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் என் மனைவி வாசலில் நிற்கிறாள். "ஏனுங்க, ஊரை உட்டு ஓடுங்கன்னு நீங்க சொன்னீங்களாமே?"

மார்கழியில் இரண்டாவது விபத்து. பால்காரம்மாவுக்குக் கை ஒடிந்தது. இந்தப் பங்குனியில் மூன்றாவது. காளியப்பன், மலையடிவாரத்துக் காட்டுக்காரர், சொந்தமாக ஒரு ஜோடி உழவு மாடு வைத்திருந்தவர், சந்தைச் சாமான் வாங்க வந்தவர் காளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினார். ஆத்தூரிலிருந்து வந்த லாரி. அவ்வளவுதான். அவருடைய மனைவி பெருமாயி இதோ தாய்மார்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, உங்களைக் கேட்காமல் உங்கள் வீட்டுத் துயரத்தை ஒலிபெருக்கியில் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் கொதித்தது. குழு கூடியது. பத்தே நிமிடத்தில் தீர்மானம். குற்றவாளி, காளை. சாட்சி, ஆலோசகர் குழந்தைவேல். தண்டனை, உடைப்பு. அதோடு விட்டார்களா? சிலைக்குக் கண் திறந்தவன்தான் கண்ணை மூட வேண்டுமாம். அங்கமுத்து தன் கையாலேயே முதலில் இரண்டு கண்ணையும் கொத்தி எடுக்க வேண்டும், பிறகுதான் சம்மட்டி. இது எந்தச் சாஸ்திரம் என்று செயலாளரைக் கேட்டேன். 'இருக்குதுங்க' என்றார். எங்கே இருக்கிறது என்றேன். 'இருக்கறதுனாலதானுங்க சொல்றேன்' என்றார். அதற்கு மேல் எனக்குத் தைரியம் போதவில்லை.

அங்கமுத்து வீட்டுக்குப் போனேன். பங்குனிக்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டு ஊர்க் கோயில் குதிரை வேலை கைமாறிப் போயிற்று. ராசி கெட்ட கையாம். அவர் என்னை உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதென்ன சுழி அங்கமுத்து, முதுகில் ஏன் வைத்தாய்?" என்று கேட்டேன்.

"நான் எங்கீங்க வெச்சேன்? நான் செஞ்சப்ப அதும் முதுகு பனங்காயாட்ட வழுவழுன்னு இருந்துச்சுங்க. தெறப்பு விழாவுக்குத் தெரை கட்டோணும்னு ரெண்டு மூங்கி நட்டாங்கல்ல? முதுகுலயே ஓட்டை போடுடான்னு சொன்னாங்க. வேண்டாமுங்கன்னேன். கேக்கலை. விழா முடிஞ்சு மூங்கியைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. மழைத்தண்ணி எறங்குமேன்னு நாந்தானுங்க கரண்டில வட்டமாப் பூசி அடைச்சேன்."

கேட்டீர்களா? கேட்டீர்களா, கேட்டுக் கேட்டு உடைக்கச் சொன்னவர்களே? பாடைச் சுழி பிரம்மன் போட்டதல்ல, அங்கமுத்து போட்டதுமல்ல. திரைக்கு நட்ட மூங்கிலின் ஓட்டை! திரையை இழுத்தவர் யார்? நம் தலைவர். மூங்கிலை நடச் சொன்னவர் யார்? நம் செயலாளர். பக்கத்தில் நின்று, ஓட்டையைக் கவனிக்காமல், திரை 'நன்றாக இருக்கிறது' என்று தலையாட்டியவர் யார்? அடியேன்.

அங்கமுத்து இன்னொன்றும் சொன்னார். "கண்ணைத் தெறந்த கையால கண்ணைக் கொத்திட்டா, அதுக்கப்பறம் இந்தக் கை எதுக்குங்க? அந்த வேலையோட உளியைக் கெணத்துல போட்டுட்டு, மாமனார் ஊட்டுப் பக்கம் கெழங்கு மில்லுக்கு மூட்டை தூக்கப் போறனுங்க." கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மேடைக்கு அழகாக இருக்கும். உண்மையில் தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் நோட்டுப் புத்தகத்தையும் இஞ்சு டேப்பையும் எடுத்துக்கொண்டு நாலு ரோட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மாடு படுத்துவிட்டால் மந்திரமா போடுவோம்? எங்கே வலிக்கிறது என்று அமுக்கிப் பார்ப்போம்.

பதினொரு நாள் போனேன். மூன்று விபத்தும் நடந்த இடத்தைக் கேட்டுக் கேட்டுக் குறித்தேன். மூன்றும் ஆத்தூர் ரோட்டுப் பக்கம். சேலம் பக்கம் ஒன்றுமில்லை. நாமக்கல் பக்கம் ஒன்றுமில்லை. காளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற திருச்செங்கோட்டுப் பக்கம் ஒன்றுமே இல்லை! சுழி உள்ள மாடு முன்பக்கம் போகிறவனை விட்டுவிட்டுப் பின்பக்கம் வருகிறவனை மட்டும் தேடித் தேடிப் பிடிக்குமா? தப்பாக எழுதிவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். எனக்கு என் மேல் நம்பிக்கை கிடையாது. நாலாவது முறையும் பார்த்தேன்.

பிறகு லாரி ஓட்டுநர் வீரபாகுவைப் பிடித்தேன். அதோ நிற்கிறார், பச்சைத் துண்டு. ஆத்தூரிலிருந்து வரும்போது என்னை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஓட்டுநர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். ஏற்றிக்கொண்டார், அதாவது இரண்டு பேர் சேர்ந்து என்னைத் தூக்கி வைத்தார்கள்.

நாலு ரோடு நெருங்கியது. "என்ன தெரியுதுங்க சாமி?" என்றார்.

"கல்வெட்டு தெரிகிறது" என்றேன்.

"அப்பறம்?"

"தலைவர் பெயர் தெரிகிறது."

"அதுக்குப் பின்னால எப்பவும் ஆள் நிக்கும். தெரியுதுங்களா?"

"ஆளா? எங்கே?"

அந்த நொடியில் கல்லின் ஓரத்திலிருந்து ஒரு பெரியவர் குடையோடு ரோட்டில் இறங்கினார். வீரபாகு மெதுவாகத்தான் வந்தார், அதனால் நின்றது. இறங்கி அளந்தேன். கல்லின் விளிம்பிலிருந்து வண்டியின் மூக்குக்கு ஆறடி. காளையைப் பார்த்துவிட்டுக் கல்லுக்குப் பின்னாலிருந்து வருகிற மனிதன் ஓட்டுநர் கண்ணில் படும்போது மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

வீரபாகு சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், படிக்கிறேன்: "எங்களுக்குக் காளை தெரியுதுங்க, கொம்பு தெரியுதுங்க, உங்க அத்தனை பேர்த்து பேரும் தெரியுதுங்க. நடந்து போற மனுசந்தானுங்க தெரியறதில்லை."

இரண்டாவது துண்டுச் சீட்டு. 'நேரம் முடிந்தது.' செயலாளர் அவர்களே, நீங்கள் சொல்வது சரி. என் ஐந்து நிமிடம் முடிந்து இருபது நிமிடம் ஆகிறது. ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லலாம், உரிமை உண்டு. ஆனால் நான் சுருதி இல்லாத ஆள், நிறுத்தினால் கத்துவேன். வயதான காலத்தில் நான் கத்தி இந்தத் தாய்மார்கள் பார்க்க வேண்டாம்.

என்னங்க அது? பின்னாலிருந்து சொல்கிறார்கள், 'உடுங்க, பேசட்டும்' என்று. நன்றி. தொடர்கிறேன்.

நேற்று பெருமாயி அம்மாளைப் பார்க்கப் போனேன். காளை உங்கள் கணவரைக் காவு வாங்கிவிட்டது என்று ஊர் சொல்கிறதே, அதை உடைத்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா என்று கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்:

"ஏஞ்சாமி, சிமிட்டிக் காளை எறங்கி ஓடி வந்தா முட்டுச்சு? எங்க ஊட்டுக்காரரு கடைசியா சந்தோசமாப் பாத்தது அந்தக் காளையைத்தானுங்க. அதையும் ஒடைச்சுப்போட்டு எனக்கு என்னத்தைத் தரப் போறீங்க?"

படிக்காத அந்தத் தாய்க்கு ஒரு நொடியில் தெரிந்தது, படித்த எனக்குப் பதினொரு நாள் கழித்துத் தெரிந்தது, பதவியில் இருக்கும் நமக்கு இன்னும் தெரியவில்லை!

ஆகவே, அன்று டீக்கடையில் சொல்லாததை இன்று மேடையில் சொல்கிறேன். இல்லை! அந்தக் காளைக்குப் பாடைச் சுழி இல்லை! முதுகில் இல்லை, முகத்தில் இல்லை, முழங்காலில் இல்லை! பாடையைக் கட்டியது யார்? ஒன்பதடி அகலத்தில், ஏழடி உயரத்தில், நாற்பத்து மூன்று பெயரோடு நாம் நிறுத்தி வைத்த கல்! காலை முறித்தது காளையா? கல். கையை ஒடித்தது காளையா? கல். காளியப்பனைக் கொண்டுபோனது காளையா? கல்! அந்தக் கல்லில் என் பெயரும் இருக்கிறது. கடுகளவுதான். கடுகளவு பெயருக்கும் முழுப் பங்கு பழி உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

நம் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஊர் ஜனங்கள் ஓட்டுநருக்குத் தெரியாமல் போனார்கள். இப்போது ஊரார் சாவுக்குக் காளை பொறுப்பு, காளையின் கண்ணுக்கு அங்கமுத்து பொறுப்பு, நமக்கு மட்டும் மாலை! இது நியாயமா? இது அடுக்குமா? மாடே கேட்டால்கூடக் கொம்பை ஆட்டாதா?

குறை மட்டும் சொல்லி இறங்குபவன் பாதி மருத்துவன். மருந்தும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். காளை இருக்கட்டும். கல்லை உடைக்கவும் வேண்டாம், பெரியவர்கள் மனம் புண்படும். நாளைக் காலை ஆறு மணிக்கு அங்கமுத்து வரட்டும். அவர் கை காளையின் கண்ணைத் தொட வேண்டாம். கல்வெட்டின் அடியைப் பெயர்க்கட்டும். அதே இடத்தில், பீடத்தை ஒட்டி, ஜனங்கள் ரோட்டைக் கடக்கிற பாதையில், எழுத்து மேலே தெரியும்படி, தரையோடு தரையாக அதைப் படுக்க வைப்போம்.

யாரோ ஆத்தூர் ரோட்டுப் பெரியவர் எழுந்திருக்கிறார். சொல்லுங்க. ஆமாங்க, உண்மைதான், கல்லைப் படுக்க வைத்தால் காளையின் பின்புறம் உங்கள் கடைக்கு நேரே தெரியும். என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்க, தலைவருக்குக் கேட்கட்டும்.

"ரெண்டு வருசமா உங்க பேரைப் பாத்துட்டமுங்க! அதுக்கு இதையே பாத்துக்கறமுங்க!"

கை தட்ட வேண்டாம். தட்டினால் எனக்குப் பேச்சு மறந்துவிடும்.

நாளைக் காலை என்னோடு அங்கே வந்து நிற்க யார் யாருக்குச் சம்மதம்? எனக்குக் கடப்பாரை தூக்கத் தெம்பில்லை. காளைக்கும் சம்மட்டிக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன், அதற்கு முடியும். சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். ஒன்று. பெருமாயி அம்மா. இரண்டு, வீரபாகு. மூன்று, நாலு, அந்தப் பக்கம் ஏழு, எட்டு... கொஞ்சம் இருங்கள். தூக்கிய கையை இறக்காதீர்கள், கணக்குத் தப்பும். இருபத்தெட்டு, முப்பத்தொன்று... முடியவில்லை. இந்தப் பக்கம் பந்தலே கையாக இருக்கிறது.

அங்கமுத்து, பந்தல்காலுக்கு இந்தப் பக்கம் வாருங்கள். ஊரார் முகத்தைப் பாருங்கள். உளியைக் கிணற்றில் போட வேண்டாம், நாளைக்கு வேலை இருக்கிறது.

தலைவர் அவர்கள் என் துண்டைப் பிடித்து இழுக்கிறார். ஏதோ கேட்கிறார். ஒலிபெருக்கியில் சொல்லட்டுமா? சொல்கிறேன். 'யோவ், கீழ போட்டா எங்க பேரையெல்லாம் சனம் மிதிக்குமேய்யா?' என்று கேட்கிறார்.

மிதிக்கும் ஐயா. உங்கள் பெயரை மிதிக்கும், செயலாளர் பெயரை மிதிக்கும், என் பெயரையும் மிதிக்கும். மழையில் செருப்போடு மிதிக்கும், வெயிலில் வெறுங்காலோடு மிதிக்கும். மிதிக்கட்டும். மிதித்துக் கடந்தவர்கள் வீடு போய்ச் சேரட்டும்.

இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கும், மூன்றாவது சீட்டு எழுதத் தாளில்லாமல் தவிக்கும் செயலாளருக்கும், பெரியோர்க்கும், தாய்மார்க்கும், தம்பிமார்க்கும் நன்றி. நாளைக் காலை ஆறு மணி, நாலு ரோடு. போகும்போது ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து செல்லுங்கள். வணக்கம்.